வாப்பாவின் கலண்டரும் திறைசேரியின் கலண்டரும்

எங்கள் கடையில் காசு மேசைக்குப் பின்னால் ஒரு கலண்டர் தொங்குகிறது. அதில் வாப்பா சிவப்புப் பேனாவால் போட்ட வட்டங்கள் நிறைய இருக்கும். ஒவ்வொரு வட்டமும் ஒரு செக். சீனி, பருப்பு, மா கொண்டுவந்து இறக்கும் மொத்த வியாபாரிக்கு வாப்பா அன்றைக்கே காசு கொடுப்பதில்லை. முப்பது நாளோ நாற்பத்தைந்து நாளோ தள்ளித் திகதி போட்டுச் செக் எழுதிக் கொடுப்பார். அந்தத் திகதி வருவதற்குள் சாமான் விற்று, கடன் கொப்பியில் உள்ளவர்களிடம் காசு வாங்கி, வங்கியில் போட்டுவிட வேண்டும். இரவில் கடையைப் பூட்டும்முன் வாப்பா கலண்டரை ஒரு தடவை பார்ப்பார். சில நாட்களில் அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமலே படுத்துவிடுவார்.

2022ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு செக் திரும்பி வந்தது. அப்போது எனக்குப் பதினான்கு வயது. வாப்பா அழுததை நான் பார்த்ததில்லை. ஆனால் அன்று அவர் முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றார். கடையில் சாமான் இருந்தது. கொப்பியில் எங்களுக்கு வரவேண்டிய காசு அந்தச் செக்கைப்போல் மூன்று மடங்கு இருந்தது. ஆனால் கேஸ் வரிசையிலும் பெற்றோல் வரிசையிலும் நின்ற மனிதர்களிடம் போய்க் கடனைக் கேட்க முடியவில்லை. அந்த ஒரு திகதியில், அந்த ஒரு கணக்கில் காசு இல்லை, அவ்வளவுதான். அதன்பிறகு அந்த வியாபாரி எட்டு மாதம் கைக்காசுக்கு மட்டுமே சாமான் தந்தார்.

சில வாரங்களில், 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்திவைப்பதாக நமது நாடும் அறிவித்தது. செய்தியைக் கேட்ட வாப்பா சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "நாட்டுட செக்கும் திரும்பிட்டு மகள்."

இப்போது நான் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் படிக்கிறேன். பொது நிதி பற்றிய பாடம் நடந்தபோது வரவு செலவுத் திட்டப் பற்றாக்குறை, அதை ஈடுசெய்யும் வழிகள் என்றெல்லாம் எழுதிக்கொண்டோம். எனக்கு வாப்பாவின் கலண்டர்தான் நினைவுக்கு வந்தது. அரசாங்கத்திலும் இப்படி யாராவது வட்டம் போட்டுக்கொண்டு இருப்பார்களா? இருந்தால் எந்த அலுவலகத்தில்? இதைத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் காசு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை பொது நிதி மீதான முழுக் கட்டுப்பாட்டைப் பாராளுமன்றத்துக்குக் கொடுக்கிறது. அடுத்த உறுப்புரை, வேறு தேவைக்கென ஒதுக்கப்படாத அரச வருமானம் எல்லாம் திரட்டு நிதியத்தில் சேர வேண்டும் என்கிறது. ஆக, செலவழிக்க அனுமதி கொடுப்பது பாராளுமன்றம். ஆனால் அனுமதி வேறு, காசு வேறு. பாராளுமன்றம் ஒரு வருடத்துக்கு இவ்வளவு செலவழிக்கலாம் என்று கை உயர்த்திவிட்டால் அவ்வளவு காசும் ஜனவரி முதலாம் திகதி வந்து உட்கார்ந்துவிடாது. அன்றாடம் வருவதையும் போவதையும் சமாளிப்பது நிதி அமைச்சின் திறைசேரி.

போவது ஒரு கணக்கில் போகிறது, வருவது வேறொரு கணக்கில் வருகிறது. அரச ஊழியர்களின் சம்பளம் மாதம் 25ஆம் திகதியை ஒட்டிப் போக வேண்டும். ஓய்வூதியம், அஸ்வெசும, வைத்தியசாலைகளுக்கு மருந்து, இவற்றுக்கெல்லாம் தனித்தனி நாட்கள். வருமானமோ தன்பாட்டில் வருகிறது. பெறுமதி சேர் வரியை வியாபாரிகள் அடுத்த மாதம் 20ஆம் திகதிக்குள் கட்டுவார்கள். வருமான வரியின் காலாண்டுத் தவணைகள் ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆம் திகதியில் விழும். சுங்க வரி கப்பலைப் பொறுத்தது. ஆண்டு முழுவதற்குமாகக் கூட்டிப் பார்த்தால் வரவும் செலவும் சரியாக இருக்கும் ஓர் அரசாங்கத்துக்குக்கூட ஒரு செவ்வாய்க்கிழமை காசு போதாமல் போகலாம். நமது அரசாங்கத்துக்கு ஆண்டுக் கணக்கே சரியாக இருந்ததில்லை என்பது வேறு கதை.

அப்படிக் காசு போதாமல் போகும் நாளில் திறைசேரி என்ன செய்யும்? எங்கள் கடை செய்வதையேதான். வங்கியில் மேலதிகப்பற்று எடுக்கும். இலங்கை வங்கி, மக்கள் வங்கி ஆகிய இரண்டு அரச வங்கிகளும் நெடுங்காலமாக இந்தச் சுமையைத் தாங்கியிருக்கின்றன. அதற்கு மேல் தேவைப்பட்டால் குறுங்காலக் கடன். அதன் பெயர் திறைசேரி உண்டியல்.

இந்தப் பெயரை முதன்முதல் கேட்டபோது பள்ளிவாசல் வாசலில் இருக்கும் உண்டியல்தான் என் கண்ணில் வந்தது. யார் போடுகிறார்கள், யார் திறக்கிறார்கள் என்றுகூட யோசித்தேன். இது அந்த உண்டியல் அல்ல. இன்ன திகதியில் இவ்வளவு தருவேன் என்று எழுதிக் கொடுக்கும் பத்திரத்துக்கு வியாபாரிகள் வைத்திருந்த பழைய பெயர். வாப்பாவின் திகதி போட்ட செக்குக்கு இது நெருங்கிய சொந்தம்.

திறைசேரி உண்டியல்கள் 91 நாள், 182 நாள், 364 நாள் என மூன்று வகை. வழமையாகப் புதன்கிழமைகளில் ஏலம் நடக்கும். முதனிலை வணிகர்கள் எனப்படும் அங்கீகாரம் பெற்ற வங்கிகளும் நிறுவனங்களும் விலை கேட்கின்றன. இதில் வட்டி தனியாகக் கொடுக்கப்படுவதில்லை; முகப்பெறுமதியைவிடக் குறைத்து விற்பார்கள். ஒரு கணக்குச் செய்து பாருங்கள். அரசாங்கத்துக்கு இன்று 1,000 மில்லியன் ரூபா தேவை, 91 நாள் உண்டியலின் விளைவு வீதம் ஆண்டுக்கு 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 91 நாள் என்பது 364இல் கால்பங்கு. ஆகவே கால் வருடத்துக்கு 2 சதவீதம். மூன்று மாதம் கழித்து 1,020 மில்லியன் கொடுக்க வேண்டும். வீதம் 32 ஆக இருந்தால் 1,080 மில்லியன். அதே காசு, அதே மூன்று மாதம். மேலதிகச் செலவு 20இலிருந்து 80க்குப் போகிறது.

இது நான் வசதிக்காகப் போட்ட கணக்கு என்று நினைக்க வேண்டாம். 2021 முடிவில் 91 நாள் உண்டியலின் வீதம் 8 சதவீதமளவில்தான் இருந்தது. 2022 முடிவதற்குள் 30ஐத் தாண்டியிருந்தது.

திறைசேரியிடம் 1,080 இல்லாவிட்டால்? புதிய உண்டியல் விற்றுப் பழையதை அடைக்கும். ஊரில் ஒருவரிடம் கைமாற்று வாங்கி இன்னொருவரின் கைமாற்றை அடைப்பதுபோல. இதைக் கேட்டதும் முகம் சுளிக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் உலகில் பெரும்பாலான அரசாங்கங்கள் இதைத்தான் செய்கின்றன. ஒழுங்காகச் செய்தால் இதில் அவமானம் எதுவும் இல்லை. எல்லா வட்டங்களும் ஒரே கிழமையில் வந்து விழுவதுதான் ஆபத்து. அதனால்தான் ஒரு பங்கு கடனைப் பல ஆண்டுகளுக்கு நீளும் திறைசேரி முறிகளாக எடுக்கிறார்கள். முறிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வட்டி கொடுக்க வேண்டும். முதல் பல ஆண்டுகள் கழித்துத்தான் திரும்பும். குறுங்காலக் கடன் பெரும்பாலும் மலிவு, ஆனால் தூங்க விடாது. நெடுங்காலக் கடன் விலை கூடியது, ஆனால் மூச்சுவிட நேரம் தரும். இரண்டையும் எந்த அளவில் கலப்பது என்பதே படுகடன் முகாமைத்துவத்தின் பெரும்பகுதி.

இதுவரை சொன்னதெல்லாம் ரூபா. ரூபாவில் அரசாங்கத்துக்கு ஒரு கள்ள வழி இருந்தது. 1949ஆம் ஆண்டின் நாணயவிதிச் சட்டத்தின் கீழ் மத்திய வங்கியே நேரடியாகத் திறைசேரி உண்டியல்களை வாங்கிக்கொள்ளலாம். யாரும் வாங்காத உண்டியலைப் புதிய பணத்தால் மத்திய வங்கி வாங்கும். பேச்சு வழக்கில் காசு அச்சடிப்பது என்கிறோம். கலண்டரில் உள்ள வட்டம் அழிந்துவிடும். ஆனால் சந்தையில் காசு கூடி விலைகள் ஏறும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். உணவுக்கு மட்டும் 94.9. டொலர் தட்டுப்பாடும் ரூபாவின் வீழ்ச்சியும் இதற்குச் சேர்ந்த காரணங்கள்தான், என்றாலும் அச்சடித்த காசின் பங்கை மறைக்க முடியாது. உம்மா அந்த நாட்களில் கடைச் சாமானையே எங்களுக்கு அளந்து தந்தார். மீன்காரர் வந்தால் கதவைத் திறக்கமாட்டார்.

டொலரில் அந்த வழியும் இல்லை. இலங்கை 2007இல் முதன்முதலாக 500 மில்லியன் டொலருக்குச் சர்வதேசச் சந்தையில் முறி விற்றது. பிறகு அடிக்கடி விற்றது. முன்னர் வாங்கிய கடன்களில் பல, உதவி நிறுவனங்களும் நட்பு நாடுகளும் குறைந்த வட்டியில் நீண்ட காலத்துக்குத் தந்தவை. சந்தை முறிகள் அப்படியல்ல. முதிர்வுத் திகதியில் முழு முதலையும் ஒரேயடியாகக் கொடுக்க வேண்டும். 2019 முடிவில் நாட்டின் வெளிநாட்டு ஒதுக்கு ஏறத்தாழ 7.6 பில்லியன் டொலர். 2022 மார்ச் முடிவில் 1.9 பில்லியன். அதிலும் பெரும்பகுதி சீனாவுடனான நாணயப் பரிமாற்ற ஏற்பாடு. எடுத்துச் செலவழிக்க முடியாது. இந்த நிலைமைக்கு இடையில் 2022 ஜனவரி 18ஆம் திகதி முதிர்ந்த 500 மில்லியன் டொலர் முறியை அரசாங்கம் முழுமையாகச் செலுத்தியது. செலுத்தியது சரியா, பிழையா என்று இன்றும் வாதிடுகிறார்கள். வாப்பா செலுத்தியது சரி என்பார், வாக்கு வாக்குத்தானே என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏப்ரலில் கொடுக்க முடியாது என்பது ஜனவரியில் தெரிந்திருந்தால், அந்த டொலரில் எத்தனை கப்பல் கேஸ், எத்தனை பெட்டி மருந்து வந்திருக்கும்! மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. மே மாதம் 4ஆம் திகதி நிதி அமைச்சர் அலி சப்ரி பாராளுமன்றத்தில் பயன்படுத்தக்கூடிய ஒதுக்கு 50 மில்லியன் டொலருக்கும் குறைவு என்றார். ஏப்ரல் 18ஆம் திகதி செலுத்தாமல் விட்ட வட்டித் தவணை 78 மில்லியன்.

கலண்டரைச் சரியாக வைத்திருந்தால் எல்லாம் தப்பியிருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள். பின் கொரோனா வந்து சுற்றுலா நின்றது. கடனே தாங்க முடியாத அளவுக்குப் போயிருந்தது. ஆனாலும் வட்டங்கள் தூரத்திலிருந்தே தெரிந்தன. யார் பார்த்தார்கள்?

இங்கேதான் எனக்கு மிகவும் வியப்பாக இருந்த விடயம் வருகிறது. கலண்டர் ஒன்றல்ல. உள்நாட்டு உண்டியல்களையும் முறிகளையும் விற்றது மத்திய வங்கியின் பொதுப்படுகடன் திணைக்களம். வெளிநாடுகளுடனும் உதவி நிறுவனங்களுடனும் கடன் பேசியது நிதி அமைச்சின் வெளிநாட்டு வளங்கள் திணைக்களம். அன்றாடக் காசைப் பார்த்தது திறைசேரி நடவடிக்கைகள் திணைக்களம். அரச கூட்டுத்தாபனங்கள் அரசாங்கத்தின் பிணையில் வாங்கிய கடன் இன்னொரு பக்கம். வாப்பா ஒரு செக் புத்தகத்தையும், நானா ஒன்றையும், கடைப் பையன் ஒன்றையும் வைத்துக்கொண்டு மூன்று கலண்டரில் வட்டம் போட்டால் எங்கள் கடை எத்தனை மாதம் நடக்கும்?

அதிலும் மத்திய வங்கிக்கு இரட்டை வேடம். விலைவாசியைக் கட்டுப்படுத்த வட்டி வீதத்தைக் கூட்ட வேண்டியதும் அதுதான். அரசாங்கத்துக்கு மலிவாகக் கடன் எடுத்துக் கொடுக்க வேண்டியதும் அதுதான். வட்டி கூடினால் ஒரு கை மகிழும், மறு கை அழும். பிரித்தானியா இந்தச் சிக்கலை 1998இல் தீர்த்தது. இங்கிலாந்து வங்கியிடமிருந்து கடன் முகாமைத்துவத்தை எடுத்துத் தனி அலுவலகம் ஒன்றுக்குக் கொடுத்தார்கள். 2000இல் அன்றாடக் காசு முகாமைத்துவமும் அதே அலுவலகத்துக்குப் போனது. காசையும் கடனையும் ஒரே மேசையில் வைத்ததுதான் அதில் முக்கியம். நாளைக்கு எவ்வளவு காசு குறையும் என்று தெரிந்தவருக்கே இன்று எவ்வளவு உண்டியல் விற்க வேண்டும் என்று தெரியும்.

நாம் கால் நூற்றாண்டு பிந்தி அதே பாதைக்கு வந்தோம். 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் அரசாங்கத்திடமிருந்து மத்திய வங்கி நேரடியாக உண்டியல் வாங்குவதைத் தடுத்தது. 2024ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பொதுப்படுகடன் முகாமைத்துவச் சட்டம் நிதி அமைச்சின் கீழ் பொதுப்படுகடன் முகாமைத்துவ அலுவலகத்தை உருவாக்கியது. அது 2024 டிசம்பரில் வேலையைத் தொடங்கியது; பொறுப்புகள் படிப்படியாகக் கைமாறத் தொடங்கின. அலுவலகத்தின் உள்ளே மூன்று பிரிவுகள். கடன் பேசி எடுப்பவர்கள் ஒரு பிரிவு. எவ்வளவு எடுக்கலாம், எந்த நாணயத்தில், எத்தனை வருடத்துக்கு என்று ஆராய்பவர்கள் இன்னொரு பிரிவு. எடுத்ததைப் பதிந்து திகதி தவறாமல் கொடுப்பவர்கள் மூன்றாவது. எடுப்பவரே எழுதவும் கூடாது, எழுதுபவரே எடுக்கவும் கூடாது. கணக்கீட்டு வகுப்பில் உள்ளகக் கட்டுப்பாடு என்று நாங்கள் படிப்பது இதுதான். ஆண்டுதோறும் கடன்பெறும் திட்டத்தைத் தயாரிப்பதும் படுகடன் விவரங்களை வெளியிடுவதும் சட்டப்படி கடமை.

வெளியிடுவது ஏன் அவ்வளவு முக்கியம்? 2015 பெப்ரவரி 27ஆம் திகதி நடந்த ஒரு முறி ஏலத்தை நினைத்துப் பாருங்கள். 1 பில்லியன் ரூபாவுக்கு என்று அறிவித்து, 10 பில்லியனுக்கு மேல் ஏற்றுக்கொண்டார்கள். அதை விசாரிக்க ஜனாதிபதி ஆணைக்குழுவே அமைக்க வேண்டி வந்தது.

நான் இதை எழுதிக்கொண்டிருந்தபோது உம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "வட்டிக் கணக்கையா மகள் பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு எழுதுற?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வட்டி நமக்கு விலக்கப்பட்டது என்பதில் எனக்குக் குழப்பமில்லை. மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதியும் எனக்கில்லை. ஆனால் அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனைத் தவணையோடும் சாட்சியோடும் எழுதி வைப்பது பற்றியது. அதை உம்மாவிடம் சொன்னேன். பிரித்தானிய அரசு 2014இல் அரச கட்டடங்களின் வாடகையை அடிப்படையாக வைத்து 200 மில்லியன் பவுணுக்குச் சுக்கூக் வெளியிட்டதையும் சொன்னேன். உம்மா, "அப்ப நம்மட ஆக்கள் என்ன செய்றாங்க?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

உம்மாவிடம் அரிசி டின்னுக்குள் ஒரு சுருட்டு நோட்டு எப்போதும் இருக்கும். வாப்பாவுக்குத் தெரியாது என்று உம்மா நினைக்கிறார். நாடுகளும் இப்படி ஒரு காசுக் கையிருப்பை வைத்திருக்க முயல்கின்றன. ஏலத்தில் ஒரு கிழமை யாரும் வாங்காவிட்டாலும் சம்பளம் நிற்காது. கண்ட வட்டிக்கு விற்கத் தேவையில்லை. ஆனால் அரசாங்கத்தின் டின் காசு பெரும்பாலும் கடன் வாங்கிப் போட்டது. அது சும்மா கிடக்கும் ஒவ்வொரு நாளும் செலவு ஓடுகிறது. அதிகம் வைத்தால் வீண், குறைத்து வைத்தால் பயம். எவ்வளவு போதும் என்று சொல்ல, வரவையும் செலவையும் நாள்வாரியாக முன்கூட்டிக் கணிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கடன் கொடுத்தவர்கள் யார் என்று தேடியபோது எங்கள் வீட்டிலேயே ஒருவர் அகப்பட்டார். என் சாச்சி ஆடைத் தொழிற்சாலையில் பதினொரு வருடம் வேலை செய்தவர். அவருடைய ஊழியர் சேமலாப நிதியக் காசின் பெரும்பகுதி அரசாங்க முறிகளில்தான் இருக்கிறது. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது நிதியத்தின் பழைய முறிகளுக்குப் பதிலாக 2027 முதல் 2038 வரை முதிரும் புதிய முறிகள் கொடுக்கப்பட்டன. தான் திறைசேரிக்குக் கடன் கொடுத்தவர் என்றே சாச்சிக்குத் தெரியாது. நான் சொன்னபோது சிரித்தார். பிறகு, "அப்ப என்ட காசு எப்ப வரும்?" என்று கேட்டார். அவர் கணக்கு பத்திரமாக இருக்கிறது, உரிய வயதில் எடுக்கலாம் என்று விளக்கினேன். அவர் என்னைவிடக் கவனமாக ஒவ்வொரு வருடத்தையும் விரலில் எண்ணினார்.

2024 ஜூனில் கடன் கொடுத்த நாடுகளுடனும், அந்த ஆண்டு டிசம்பரில் சர்வதேச முறிகளை வைத்திருப்பவர்களுடனும் மறுசீரமைப்பு முடிந்தது. அந்த நாடுகளுக்கான கடன் முதலை 2028 முதல் கொடுக்கத் தொடங்க வேண்டும். 2043 வரை நீளும். 2028இல் எனக்கு இருபது வயது. 2043இல் முப்பத்தைந்து.

இதை வாப்பாவிடம் சொன்னபோது அவர் கடைக் கலண்டரைத் திருப்பிப் பார்த்தார். அதில் டிசம்பர் வரைதான் இருந்தது. "சரி, இந்தக் கிழமை ஏலத்தில எவ்வளவு போனது?" என்று கேட்டார். புதன்கிழமை பின்னேரம் வகுப்பு முடிந்து வந்ததும் அவருக்கு அதை வாசித்துச் சொல்வது இப்போது என் வேலை.